ஒன்றாம் தேதிக்குப் பிறந்த கணக்கு

ஐம்பது-முப்பது-இருபதே! உன்னைப் புகழ வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. குடும்ப வரவுசெலவுக்கு வழி சொல்ல வந்த எத்தனையோ முறைகளில் உன் அளவுக்கு எளிமையானது வேறில்லை. கைக்கு வந்த வருமானத்தில் பாதி அத்தியாவசியத்துக்கு. முப்பது சதம் விருப்பத்துக்கு. இருபது சதம் சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும். அவ்வளவுதான் நீ. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்பாய்; மறு கேள்வி கேட்க மாட்டாய். எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் எத்தனை வாய், பணம் எந்தக் கிழமை வரும், யார் கையில் வரும் என்றெல்லாம் துருவித் துருவி விசாரிக்கும் பழக்கம் உனக்குக் கிடையாது. அந்த நாகரிகம் எல்லோருக்கும் வராது.

உன் பிறப்பும் பெரிய இடத்துப் பிறப்பு. ஹார்வர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரன், தம் மகள் அமிலியா வாரன் தியாகியுடன் சேர்ந்து எழுதி 2005-இல் வெளிவந்த ‘ஆல் யுவர் வொர்த்’ என்ற நூல்தான் உன்னை உலகறியச் செய்தது. திவால் சட்டத்தில் ஊறியவர் அவர். பின்னாளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர் ஆனவர். அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் ஏன் நொடித்துப் போகின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். தவிர்க்க முடியாத மாதச் செலவுகள் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் குடும்பம் ஆட்டம் கண்டுவிடும் என்பது அந்த நூல் சொன்ன எச்சரிக்கை. அக்கறையோடு சொன்ன சொல் அது. வரி பிடித்தம் போக மாதாமாதம் ஒரே தொகை வங்கியில் விழும் குடும்பத்துக்கு நீ அளவெடுத்துத் தைத்த சட்டை.

அந்தக் குடும்பத்தை விட்டுக் கடல் தாண்டி, நம் பணவழிகாட்டிகளின் நாவில் ஏறி, கைப்பேசி வழியாக எங்கள் ஊர் பண்பொழிக்கும் வந்து சேர்ந்துவிட்டாய். வா. திருமலைக் குமாரசாமி கோயில் படியேறி நின்று பார்த்தால் உன் புதிய குடிகள் எல்லோரும் தெரிவார்கள். மேற்கே மலை, அதன் அடியில் மேக்கரை, அடவிநயினார் அணை. கீழே வயலும் தென்னந்தோப்பும். தெற்கே செங்கோட்டை, அதற்கும் அப்பால் குற்றாலம். மாதச் சம்பளக்காரர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆசிரியர் வீடு, மின்வாரிய ஊழியர் வீடு, வங்கிக்காரர் வீடு என்று விரல்விட்டு எண்ணலாம். அந்த வீடுகளில் நீ நன்றாகவே வேலை செய்கிறாய். மற்ற வீடுகளில் சாரல் அடித்தால் பணம் வரும். பீடி சுற்றினால் வரும். நெல் அடித்தால் வரும். கேரளத்துக்கு வேலைக்குப் போனவர் ஊர் திரும்பினால் வரும். இவர்கள் யாரிடமும் பேதம் பாராட்டாமல் ஐம்பது, முப்பது, இருபது என்று ஒரே பதிலைச் சொல்கிறாயே, அந்தச் சமநோக்கு ஞானிகளுக்கே அரிது.

சீசன் கடைக்காரரிடம் உன் பெருமையைப் பார்ப்போம். குற்றாலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தருவதுதான் சீசன். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரல், கூட்டம், வியாபாரம். ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் நேந்திரங்காய் சிப்ஸும் விற்கும் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். சரக்கு முதலும் கடை வாடகையும் போக மூன்று மாதமும் மாதம் 50,000 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். மீதி ஒன்பது மாதம் கிடைத்த வேலையைப் பார்த்து மாதம் 8,000. ஆண்டுக்கு 2,22,000, சராசரி மாதம் 18,500. அரிசி, மளிகை, மின்சாரம், மருந்து என்று அந்த வீடு மூச்சுவிடவே மாதம் 13,000 வேண்டும்.

ஜூலையில் நீ அந்த வீட்டுக்குள் நுழைகிறாய். அத்தியாவசியத்துக்கு 25,000 ஒதுக்குகிறாய். அவர்களுக்குத் தேவையோ 13,000. ஆசைக்கு 15,000 எடுத்துக் கொடுக்கிறாய். மூன்று மாதத்தில் 45,000 ரூபாய்க்கு ஆசைப்படும் உரிமையை அந்த வீட்டுக்கு வேறு யார் தந்திருக்கிறார்கள்? நவம்பரில் மறுபடி வருகிறாய். வரவு 8,000. பாதி 4,000-க்குள் சோறு தின்னச் சொல்கிறாய். 1,600 ரூபாயைச் சேமிக்கவும் சொல்கிறாய். ஜூலையில் வாரிக் கொடுத்த கை நவம்பரில் நீதி தவறாமல் நிற்கிறது. ஒரே வீட்டை ஜூலையில் பணக்காரனாகவும் நவம்பரில் ஊதாரியாகவும் தீர்ப்பெழுதும் ஆற்றல் உன் ஒருவனுக்குத்தான் உண்டு.

உன் மேன்மை எட்டாத வீடுகள் வேறு மாதிரி செய்கின்றன. அவர்கள் சதவீதம் பார்ப்பதில்லை, பஞ்ச மாதத்தைப் பார்க்கிறார்கள். ஒன்பது மாதமும் மாதம் 5,000 பற்றாக்குறை, ஆக 45,000. அதை முதலில் எடுத்து, தொட முடியாத இடத்தில் வைத்துவிடுவது. சீசனிலும் 13,000-க்குள்ளேயே வாழ்வது. மூன்று மாதத்தில் 1,11,000 மிஞ்சும். அதில் 45,000 போனால் 66,000. அந்த 66,000-இல்தான் பள்ளிக் கட்டணம், கடன், கோயில் கொடை, அடுத்த சீசனுக்குக் கடை முதல், கொஞ்சம் நகை எல்லாம். செப்டம்பர் முதல் மாதாமாதம் 5,000 எடுத்து, தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கொள்வது. வரவு ஏறி இறங்கும் எவருக்கும், ஆட்டோ ஓட்டுபவரானாலும் கச்சேரி வாசிப்பவரானாலும், நான் சிபாரிசு செய்வது இந்த முறையைத்தான். மிகக் குறைந்த மாதத்தை அடித்தளமாக வை, நல்ல மாதத்தை அதன் மேல் அடுக்கு. மூன்று எண்களில் இது அடங்காது. ஒரு நிமிட வீடியோவில் சொல்லவும் வராது. அதனால் புகழ் உனக்கே.

அந்த முறையும் எல்லா ஆண்டும் காப்பாற்றாது என்பதை மறைக்க மாட்டேன். 2020, 2021 இரண்டு சீசனிலும் கொரோனாவால் அருவிகளில் குளிக்கத் தடை. 2024 மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது; சீசன் பிறக்கும் நேரத்தில் அருவிக்கரைகள் வெறிச்சோடின. ஆகவே சீசன் வீட்டுக்கு ஒன்பது மாதக் கையிருப்பு போதாது. நல்ல ஆண்டு ஒன்று அமைந்தால் அடுத்த ஆண்டின் பாதியையாவது சேர்த்து வைக்க வேண்டும். நீ இதற்கெல்லாம் கலங்குவதில்லை. வரவு பூச்சியமானால் ஐம்பது சதமும் பூச்சியம், முப்பதும் பூச்சியம், இருபதும் பூச்சியம். எந்தக் காலத்திலும் உன் கணக்கு மட்டும் இடிக்காது.

பீடி சுற்றும் வீட்டுக்கு வா. முந்தின நாளே இலையை நனைத்து வைத்திருப்பார்கள். காலையில் அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் நறுக்கி, மடியில் தட்டை வைத்துத் தூளை நிரப்பி, சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி, இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு. பேசிக்கொண்டே கை ஓடும். கண் அதன்மேல் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் நிறுத்துக் கொடுத்த இலையில் ஓட்டையும் சொத்தையும் அதிகமாக இருந்தால், குறையும் இலையைத் தன் காசு போட்டு வாங்கித்தான் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். அந்தக் காசு அத்தியாவசியமா, விருப்பமா, சேமிப்பா? இந்தச் சில்லறைச் சந்தேகங்கள் உன்னை அண்டுவதில்லை. வரி போன பிறகு நிற்கும் வருமானத்தைத்தான் நீ பார்ப்பாய். கூலி வாங்குவதற்காகக் கூலியிலிருந்தே போகும் காசு உன் கண்ணுக்குப் படாது.

அங்கே பணம் வாரக் கடைசியில் வருகிறது. உனக்கோ மாதம்தான் தெய்வம். வாரக்கூலிக்காரருக்கு இயற்கை கொடுத்த ஒரு சலுகை உண்டு. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நாலு வாரம் என்று பிடித்தால் 48 தான் ஆகும். நாலு வாரக் கூலிக்குள் மாதத்தை ஓட்டப் பழகிய வீட்டுக்கு, ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் ஒரு வாரக் கூலி முழுசாக நிற்கும். ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு என்று ஒன்று. தீபாவளிப் பண்டுக்கு வாராவாரம் கட்டுகிற பெண்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்ததும் இதே தாளத்தைத்தான்: பணம் எப்படி வருகிறதோ அப்படியே ஒதுக்கிவிடு. பண்டு பிடிப்பவர் பணத்தோடு ஓடிவிடும் கதையும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன். அஞ்சலகத்தில் தொடர் வைப்பு மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம். அந்தப் பணம் ஓடாது. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்து வாராவாரம் வாங்கிக்கொள்ள அஞ்சலகத்தால் முடியாதே என்று அந்தப் பெண்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விவசாயி விஷயத்தில் நீ இன்னும் தாராளம். இந்தப் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு பூ. அணை நிரம்பினால் இரண்டு, இல்லையென்றால் ஒன்று. வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால், நெல் விற்று வந்த பணம் முழுவதும் உன் கணக்கில் வரி போக நிற்கும் வருமானம். உழவுக்கூலி, விதை, நடவு, உரம், அறுவடை எந்திர வாடகை எல்லாம் போன பிறகு நிற்பதுதான் வருமானம் என்று அவருக்குத் தெரியும். அடுத்த பூவுக்கான முதலும் இதற்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது என்றும் தெரியும். முதலை முதலில் ஒதுக்கி, நகைக்கடனை மீட்டு, சாப்பாட்டு நெல்லைக் குதிருக்கோ மூட்டைக்கோ அனுப்பி, மிச்சம் இருந்தால்தான் மற்றது. அந்த மிச்சத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர் வைத்துவிடும் முறை ஒன்று உண்டு. பீட்டர் பைர் என்பவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் உருவாக்கி 1970-இல் எழுதிய பூச்சிய அடிப்படை வரவுசெலவு. ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா ஆளுநராக இருந்தபோது அரசாங்கத்துக்கே அதைப் பிடித்துக்கொண்டார். போன வருசம் இவ்வளவு செலவு என்பதை வைத்துக்கொண்டு தொடங்காமல், பூச்சியத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் நியாயம் கேட்கும் முறை. ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாகப் பணம் பார்ப்பவருக்கு இது பொருந்தும். வாரக்கூலி வீட்டுக்கு, ஜப்பானியப் பத்திரிகையாளர் ஹானி மொதோகோ 1904-இல் பரப்பிய ‘ககேபோ’ வீட்டுக்கணக்கு நோட்டு பொருந்தும். கையால் எழுதி, மாதக் கடைசியில் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது. இந்த இருவரும் உன்னைப் போல் பிரபலம் இல்லை. உட்கார்ந்து எழுதச் சொல்கிறார்கள் அல்லவா?

எப்போது உட்கார்வது என்பதிலும் உனக்கு வேறுபாடு தெரியாது. எல்லா மாதமும் உனக்கு நல்ல மாதம். தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை இங்கே நினைவூட்ட வேண்டும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் செய்தது. 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அதே விவசாயி, அறுவடைக்குப் பணம் வந்த பிறகு சிந்தனைத் தேர்வுகளில் நன்றாகச் செய்தார். அறுவடைக்கு முன், கை வறண்டு நகை அடகுக்குப் போயிருந்த நாட்களில், தடுமாறினார். ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை. கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. கணக்குப் போட வேண்டியது பணம் கையில் இருக்கும் வாரத்தில். ஆண்டுக்கான ஒதுக்கீட்டை அப்போதே முடித்து, பூட்டி வைத்துவிட வேண்டும். வறண்ட மாதத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, ‘ஏன் இருபது சதம் சேமிக்கவில்லை?’ என்று கேட்பது உனக்குக் கைவந்த கலை.

பிரித்துப் பார்க்கும் கலையிலும் நீ மன்னன். அத்தியாவசியம் இந்தப் பக்கம், ஆசை அந்தப் பக்கம், நடுவில் ஒரு கோடு. எங்கள் தெருவில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி. ஆசைப் பக்கம் தள்ளலாமா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டால், “கொடைக்கு வரி கட்டலைன்னா ஊருக்குள்ள எப்படிக்கா தலை நிமிந்து நடக்க?” என்கிறாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிற வண்டி வாடகை எந்தப் பக்கம்? முன்பு நமக்குச் செய்தவர் வீட்டுக் கல்யாணத்தில் வைக்கிற மொய் ஆசையா, திருப்பிக் கட்டுகிற கடனா? கடன் என்றால் இருபதில் சேர்க்க வேண்டும். நாளைக்கு நமக்கு வரும் என்றால் சேமிப்பு. ஊரோடு வாழ்வதற்கான செலவை ஆசை என்று எழுதிவைக்கும் தெளிவு, ஊரில் யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாதவருக்குத்தான் வாய்க்கும். உன் தெளிவு அத்தகையது.

சோற்றுக் கணக்குக்கு வருவோம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு சராசரியாக 4,122 ரூபாய். அதில் உணவுக்கு மட்டும் 47 சதம். நகரத்தில் ஏறக்குறைய 40. வரவு கூடக்கூடச் சாப்பாட்டின் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இலேயே சொல்லிவிட்டார். மிச்சம் பிடிக்க வழியில்லாத வீட்டில் வரவும் செலவும் ஒன்றுதான். அந்த வீட்டில் சராசரிப்படியே பார்த்தாலும், நீ கொடுத்த ஐம்பதில் நாற்பத்தேழு வாய்க்கே போய்விடும். மிச்சம் மூன்றில் மின்கட்டணம், மருந்து, பள்ளிக்கூடம், சோப்பு, செருப்பு, கூரைக்கு ஓடு எல்லாம் முடித்துக்கொண்டு, முப்பதை ஆசைக்கு எடுத்துவைக்க வேண்டும். உன் சொல் கேட்டு நடக்க முடியாத அந்த வீட்டுக்காரர் குற்ற உணர்வில் குறுகிப்போகிறார். தனக்குக் கட்டுப்பாடு இல்லை, தனக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை என்று நம்பிவிடுகிறார். எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். உன்னால் பணம் சேர்ந்ததோ இல்லையோ, எண்ணிப் பார்த்துச் செலவு செய்கிறவர்களின் மனசில் அவமானம் சேர்ந்துவிட்டது. அதற்கும் வட்டி உண்டு.

கடைசியாக, உன் குணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டை நீ ஒரே பணப்பையாகக் காண்பது. கணவனும் மனைவியும் ஒரே மனம், ஒரே கணக்கு. அடுக்களையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் பெண்கள் வைக்கும் சிறுவாடு உன் பட்டியலில் இல்லை. அந்தப் பணம் ஏன் ஒளிகிறது என்ற கேள்வியும் இல்லை. குடிக்குப் போகாமல் காப்பாற்றிய காசு, மகளின் காதுக்கு ஒரு கம்மல், தாய்வீட்டில் சாவு என்றால் உடனே கிளம்ப ஒரு பேருந்துச் செலவு. கணவருக்குத் தெரிந்தால் சேமிப்பு, தெரியாவிட்டால்தான் பாதுகாப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். வீட்டு வரவுசெலவை ஒளிவுமறைவின்றி ஒரே தாளில் எழுதச் சொல்லும் எந்த முறையும், அந்தத் தாளை யார் கையில் வைத்துக்கொள்வது என்று முதலில் சொல்ல வேண்டும்.

2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில். பண்பொழியின் எத்தனையோ வீடுகளில் மாதம் தவறாமல், ஒரே தொகையாக, பிடித்தம் இல்லாமல் வருகிற பணம் இது ஒன்றுதான். அதாவது உன் இலக்கணத்துக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தும் வருமானம். அத்தியாவசியத்துக்கு 500, ஆசைக்கு 300, சேமிப்புக்கு 200 என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம். சமையல் வாயு சிலிண்டர் வருகிற மாதத்தில் மட்டும் கொஞ்சம் இடிக்கும்; அதற்கே அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.